வெல்டிங்குக்குக் குலம் இல்லை

(வேதாரண்யத்தில் இளைஞர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மேடைப் பேச்சாளன் இல்லை. வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பிறகு ஐ.டி.ஐ.யில் ஒரு வருடம் பற்றவைப்பவர் பிரிவில் படித்தேன். லாரி பாடி கட்டும் பட்டறைகளில் ஹெல்பராக நாமக்கல் பக்கம் சில வருடம், வளைகுடாவில் சில வருடம் வேலை செய்துவிட்டு இங்கே வந்து சொந்தமாகத் தகரக் கொட்டகை போட்டேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா அந்தக் கொட்டகையைத் தூக்கிக்கொண்டு போனது. திரும்பவும் போட்டேன். என்னைப் பற்றி இவ்வளவு போதும்.

இன்று ஒரு வண்டியைப் பற்றிப் பேசப்போகிறேன். அந்த வண்டியின் வழியாகக் கல்வியைப் பற்றியும், என்னுடைய ஒரு மௌனத்தைப் பற்றியும் பேச வேண்டும்.

போன வருடம் ஒரு பள்ளியிலிருந்து தொழிற்கல்விப் பிரிவு மாணவர்கள் ஆறு பேரை உள்ளுறைப் பயிற்சிக்கு அனுப்பட்டுமா என்று அவர்களுடைய ஆசிரியர் கேட்டார். சரி என்றேன். அதே வாரம் ஒரு பழைய டாடா 407 பட்டறைக்கு வந்தது. உப்பு ஏற்றி ஏற்றிப் பின்பக்கத் தளம் முழுக்க இற்றுப்போன வண்டி. கட்டைவிரலால் அழுத்தினால் தகடு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. பக்கச் சுவர் இல்லாத வெறும் தளமாக, பத்தடிக்கு ஆறடியில் புதிதாகக் கட்டித் தரச் சொன்னார் உரிமையாளர். ஆர்.டி.ஓ. அலுவலகத்து அனுமதியை அவரே பார்த்துக்கொண்டார். பையன்களை வைத்து இந்த வேலையைச் செய்வது என்று நான் முடிவு செய்தேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை ஆபத்தான வேலையில் கூலிக்கு வைப்பது குற்றம். இது பயிற்சி. ஆசிரியர் கூடவே இருந்தார். தோல் கையுறை, முகத்துக்குக் கறுப்புக் கண்ணாடி, காலுக்கு ஷூ எல்லாம் இருந்தால்தான் ராடைத் தொடலாம். ஆர்க் வெளிச்சம் ஒரு நிமிடம் கண்ணில் பட்டால் போதும், ராத்திரி முழுக்கக் கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டது மாதிரி இருக்கும். நான் ஹெல்பராக இருந்த காலத்தில் எனக்கு யாரும் கண்ணாடி கொடுக்கவில்லை. அந்தப் பாடத்தை அடுத்த தலைமுறையும் அப்படியே படிக்க வேண்டியதில்லை.

முதல் நாள் ஒரு விதி சொன்னேன். கையில் கயிறு, வளையம், காப்பு எதுவும் கூடாது. சாதி ஒழிப்புக்காக அதைச் சொல்லவில்லை. கிரைண்டர் கயிற்றைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். ஒரு பையன் கையில் இரண்டு நிறத்தில் கயிறு இருந்தது. எந்தச் சாதிக்கு எந்த நிறம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அவன் கழற்றத் தயங்கினான். "கயிறா, கையா? நீயே சொல்லு தம்பி" என்றேன். கழற்றி டிபன் பாக்ஸுக்குள் வைத்தான்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொன்னது. அதற்கு எவ்வளவு எதிர்ப்பு கிளம்பியது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு அறிக்கையால் கழற்ற முடியாத கயிற்றை ஒரு கிரைண்டர் கழற்றியது. ஆனால் பட்டறை வாசல் வரைக்கும்தான். சாயங்காலம் டிபன் பாக்ஸைத் திறந்து மறுபடி கட்டிக்கொண்டுதான் சைக்கிள் ஏறினான்.

வேலைக்கு வருகிறேன். தளம் என்றால் வெறும் தகடு இல்லை. சேஸிஸ் மேல் நீளவாக்கில் இரண்டு சி சேனல், அதன் மேல் குறுக்குச் சட்டங்கள், சுற்றிலும் ஓரச் சட்டம், அதன் பிறகுதான் தளம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஓரச் சட்டம் சரியான செவ்வகமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூலைமட்டத்தை நம்பிப் பத்தடிச் சட்டத்தைப் பிடிக்க முடியாது. மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருந்தால் சதுரம் சரி.

"எவ்வளவு வரணும், சொல்லுங்கடா" என்றேன். ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும் சாக்பீஸை எடுத்துத் தரையில் உட்கார்ந்தான். பத்தைப் பத்தால் பெருக்கி நூறு, ஆறை ஆறால் பெருக்கி முப்பத்தாறு, கூட்டினால் நூற்றி முப்பத்தாறு. அதற்கு வர்க்கமூலம் போட்டு அடியை அங்குலமாக்கி, "பதினோரு அடி எட்டு அங்குலம்ண்ணே, அரை நூல் குறையும்" என்றான். டேப் பிடித்துப் பார்த்தோம். ஒரு பக்கம் அரை அங்குலம் கூட இருந்தது. சுத்தியால் தட்டிச் சரி பண்ணி, நான்கு மூலையிலும் டேக் வைத்தோம்.

"பத்தாவதுல கணக்குல எவ்வளவுடா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். முப்பத்தைந்துக்குப் பக்கத்தில் ஏதோ மார்க். கணக்கு வராது என்று சொல்லித்தான் அவனை இந்தப் பிரிவில் போட்டிருக்கிறார்கள். அவனுக்குக் கணக்கு வந்தது தோழர்களே. அந்தக் கணக்கு எதற்கு என்று பத்து வருடம் யாரும் அவனுக்குக் காட்டவில்லை.

அன்று டீ குடிக்கும்போது ஒவ்வொருவனிடமும் கேட்டேன், இந்தப் பிரிவை நீயாக எடுத்தாயா என்று. நானாகத்தான் எடுத்தேன் என்று சொன்னவன் ஒருவன். அவன் அப்பா சொந்தமாக டிராக்டர் வைத்திருப்பவர். மீதி ஐந்து பேர் சொன்னது ஒரே பதில்: "கொடுத்தாங்கண்ணே."

இந்த 'கொடுத்தாங்க' என்ற வார்த்தையை நான் விட மாட்டேன்.

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தது 1978-இல். தொழிற்கல்விப் பிரிவும் அப்போதே வந்தது. நல்ல நோக்கம். ஆனால் எந்த ஊரிலும் போய்ப் பாருங்கள், அறிவியல் பிரிவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், தொழிற்கல்விப் பிரிவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று. "உனக்கெல்லாம் கைத்தொழில்தான் சரிப்படும்" என்ற வாக்கியம் எந்தத் தெருப் பிள்ளையைப் பார்த்துச் சொல்லப்படுகிறது என்று கவனியுங்கள். டாக்டர் வீட்டுப் பிள்ளையிடம் அதை யாரும் சொல்வதில்லை.

அந்த ஆறு பேரிடமும் இன்னொரு கேள்வி கேட்டேன். 1930-இல் நம்ம ஊரில் என்ன நடந்தது? ஆறு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்: உப்புச் சத்தியாகிரகம். ராஜாஜி ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து கிளம்பி, நடந்தே 28-ஆம் தேதி வேதாரண்யம் வந்து, 30-ஆம் தேதி உப்பு அள்ளினார். அகஸ்தியம்பள்ளியில் நினைவுத் தூண் இருக்கிறது. பள்ளியில் வருடா வருடம் சொல்கிறார்கள்.

1953-இல் என்ன நடந்தது? ஒருவனுக்கும் தெரியவில்லை.

அதே ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளி நேரம் தினம் மூன்று மணி. மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். சவரத் தொழிலாளியின் மகனுக்குச் சவரம், சலவைத் தொழிலாளியின் மகனுக்குச் சலவை. வெள்ளைக்காரன் அடைத்து வைத்த உப்பைத் திறக்க இந்த ஊருக்கு நடந்து வந்தவர், அந்த உப்பை வாருகிறவரின் பிள்ளைக்கு உப்பளத்தைத் தவிர வேறு வாசலைத் திறக்கவில்லை. பெரியார் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்தார். 1954-இல் குலக்கல்வி எதிர்ப்புப் படை நடைப்பயணம் புறப்பட்டது எங்கிருந்து தெரியுமா? இங்கே பக்கத்தில் நாகப்பட்டினத்திலிருந்து, சென்னைக்கு. ராஜாஜி பதவி விலகினார். காமராசர் வந்து திட்டத்தைத் தூக்கிப் போட்டார்.

ஆக, நம்ம மாவட்டத்துக்கு இரண்டு நடைப்பயணம் உண்டு. உள்ளே வந்த ஒன்றுக்குத் தூண் வைத்திருக்கிறோம். வெளியே போன இன்னொன்றை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. அந்த இரண்டாவது பயணம் இல்லாவிட்டால் அந்த ஆறு பேரில் பாதிப் பேர் பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்திருக்க மாட்டார்கள். நானும் இந்த ஒலிபெருக்கியைப் பிடித்திருக்க மாட்டேன்.

குலக்கல்வி போய்விட்டதா? 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். பள்ளி நேரம் போக, குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று வழி விட்டார்கள். 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தது. பதினெட்டுத் தொழில்கள், குரு-சீடர் மரபு, குடும்பத் தொழில் என்று பேசியது. குறைந்தபட்ச வயது பதினெட்டு, அதாவது கல்லூரிக்குப் போக வேண்டிய வயது. இந்த வடிவத்தில் ஏற்க மாட்டோம் என்று தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் எழுதியது.

அந்தப் பதினெட்டுத் தொழில்களின் பட்டியலை நான் வாங்கிப் பார்த்தேன். தச்சர், கொல்லர், பொற்கொல்லர், குயவர், செருப்பு தைப்பவர், முடி திருத்துபவர், துணி வெளுப்பவர் என்று போகிறது. வெல்டர் இல்லை. ஊருக்கு ஊர் இத்தனை வெல்டிங் பட்டறை இருக்கிறது, ஏன் இல்லை? எனக்குத் தோன்றும் காரணம் ஒன்றுதான். வெல்டிங்குக்குக் குலம் கிடையாது. மின்சாரம் வந்த பிறகு பிறந்த தொழில் இது. எந்தச் சாஸ்திரத்திலும் இதற்கு ஒரு சாதியை ஒதுக்கவில்லை. யார் வீட்டுப் பிள்ளையும் ராடைப் பிடித்தால் ஆர்க் பிடிக்கும்.

இதைச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தால் கை தட்டுவீர்கள். ஆனால் அது முழு உண்மை இல்லை.

பம்பாய் நூற்பாலைகளும் புதுத் தொழில்தான். நீராவியில் ஓடிய இயந்திரத்துக்கும் சாதி இல்லை. ஆனால் கூலி அதிகம் கிடைக்கும் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களைச் சேர்க்கவில்லை. காரணம், நாடாவில் நூல் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டும், அந்த எச்சில் மற்றவர்களுக்குத் தீட்டு. 1928 வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன்னால் வைத்துக் கேள்வி கேட்டார். இயந்திரம் புதிதாக இருக்கலாம். அதைச் சுற்றி நிற்கிற மனிதர்கள் பழைய ஊரையும் கூடவே கொண்டுவந்துவிடுகிறார்கள்.

இனி வண்டிக் கதையின் மீதி.

தளத்துக்கு என்ன போடுவது என்று பேச்சு வந்தது. நான் செக்கர் பிளேட் போடலாம் என்றேன். ஒரு பையன் குறுக்கே வந்தான். "உப்பு வண்டிக்கு இரும்புத் தளம் வேணாம்ண்ணே. எங்கப்பா உப்பளத்துல மரப் பலகையாலதான் உப்பு வாருவாரு. இரும்பு படுற எடத்துல எல்லாம் தின்னுரும்பாரு" என்றான். அவன் சொன்னது சரி. சட்டம் இரும்பிலும் தளம் மரப் பலகையிலும் போட்டோம். பலகைக்குப் பலகை இடைவெளி விட்டு, உப்புத் தண்ணீர் எங்கும் தேங்காமல் கீழே வடிய வழி செய்தோம். சட்டத்தில் இணைப்பு வருகிற இடத்தையெல்லாம் விட்டுவிட்டு வைக்காமல் முழு வெல்டாக ஓட்டினோம். இடுக்கு இருந்தால் உப்புத் தண்ணீர் அங்கேதான் போய் உட்காரும்.

அப்பாவிடமிருந்து அந்தப் பையன் கற்றதுக்குக் குலக்கல்வி என்று பெயரா? இல்லை. ஒன்பதாயிரம் ஏக்கர் உப்பளம் இருக்கிற ஊரில், வெறுங்காலோடு உப்புத் தண்ணீரில் நின்றவரின் அறிவு அது. அந்த அறிவை மகன் ஒரு பட்டறைக்குக் கொண்டுவந்து வண்டியின் வடிவத்தையே மாற்றினான். அந்த அறிவை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் பாத்தியிலேயே நில் என்று சொன்னால், அதுதான் குலக்கல்வி. அறிவு தலைமுறை தாண்டி வரட்டும். தலைவிதி என்று ஒன்றை அதோடு கட்டி அனுப்பாதீர்கள் என்பதுதான் நம் சண்டை.

சட்டத்தை வெல்டு வைக்கும்போது ஒரே பக்கமாக ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. சூடு ஒரு பக்கம் ஏறினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். ஒரு மூலையில் கொஞ்சம் வைத்துவிட்டு எதிர் மூலைக்குப் போக வேண்டும். முதல் இரண்டு நாள் பையன்கள் வைத்த வெல்டு பறவை எச்சம் மாதிரி இருந்தது. கிரைண்டர் போட்டு எடுத்துவிட்டுத் திரும்ப வைக்கச் சொன்னேன். மூன்றாவது வாரத்தில் சிப்பிங் சுத்தியால் தட்டினால் சிலாக் தானாக உரிந்து, உள்ளே மீன் செதில் அடுக்கியது மாதிரி வரி தெரிந்தது. அதைப் பார்த்து அவர்கள் முகத்தில் வந்த சிரிப்பை நான் பத்து மேடையில் பேசினாலும் சொல்லிவிட முடியாது. கடைசியில் ரெட் ஆக்சைடு இரண்டு கோட்டு அடித்து, மேலே பெயிண்ட் அடித்தோம். சேஸிஸில் நேராக வெல்டு வைக்கவில்லை. வைத்தால் அந்த இடத்தில் பிற்பாடு விரிசல் விடும். நடுவில் மரக்கட்டை கொடுத்து யு போல்ட் போட்டு இறுக்கினோம். ஐந்து வாரத்தில் வண்டி தயார்.

வண்டியை எடுக்க உரிமையாளர் வந்தார். கூடவே சொந்தக்காரர்கள் நான்கைந்து பேர், பூசைக்கு ஒரு ஐயர். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, தளத்தில் மஞ்சள் குங்குமம் பூசி, கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்தார்கள். அது முடிந்ததும் பையன்கள் ஆறு பேரும் போட்டோ எடுக்கத் தளத்தின் மேல் ஏறி நின்றார்கள்.

வந்தவர்களில் ஒரு பெரியவர் முன்னால் வந்தார். ஒவ்வொருவனாகப் பார்த்தார். "நீ எந்தத் தெரு?" என்று இரண்டு பேரிடம் கேட்டார். அவர்கள் சொன்னார்கள். "பூசை போட்டாச்சுல்ல, எறங்குங்கப்பா நீங்க" என்றார். அந்தக் காலனிப் பையன்களை மட்டும்தான் சொன்னார். மற்றவர்களைச் சொல்லவில்லை.

மூலைவிட்டம் போட்டவன் கேட்டான்: "ஏறி நின்னுதானேய்யா வெல்டு வெச்சோம்?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. உரிமையாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன்? எனக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் பாக்கி வர வேண்டியிருந்தது. கம்பிக் கடைக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை தோழர்களே. பட்டறை முதலாளி, வளைகுடா போய் வந்தவன், வீட்டில் அண்ணல் படம் மாட்டியிருப்பவன், வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பையன்கள் இறங்கினார்கள். கயிறு கட்டுகிறவன் மேலேயே நின்றான். அவனை யாரும் இறங்கச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனும் குதித்து இறங்கிவிட்டான். மீதிப் பேரும் இறங்கினார்கள். வெறும் தளத்தோடு வண்டி போனது.

அவன் திருந்திவிட்டான் என்று சொல்லி முடிக்க எனக்கும் ஆசைதான். அடுத்த வாரம் தேரடியில் பார்த்தேன், கயிறு கையில் இருந்தது. என்னைப் பார்த்ததும் கையைப் பின்னால் கொண்டுபோனான். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். ஐந்து வாரம் ஒரே சட்டத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்ததால்தான் அவன் அன்று இறங்கினான். அது போதாது என்பதால்தான் மறுபடி கட்டினான்.

நம் டெல்டாவில் தேர் இல்லாத ஊர் குறைவு. தேர் என்பதும் சக்கரம் வைத்த தளம்தான். திருவாரூர் ஆழித் தேருக்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து பொருத்தியது திருச்சி பெல் நிறுவனம். அந்த இரும்பை வெட்டியவர், பற்றவைத்தவர், தூக்கி வைத்தவர் எந்தெந்தத் தெருவோ, தேருக்குத் தெரியாது. ஆனால் கண்டதேவியில் வடத்தைத் தொடும் உரிமைக்கு ஒடுக்கப்பட்ட மக்கள் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. உழைப்பைத் தொட்ட கையிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். பொருள் முடிந்து பொட்டு வைத்த நிமிடத்திலிருந்து அந்தக் கை தீட்டாகிவிடும். இந்த ஊரில் 2019 ஆகஸ்டில் அண்ணலின் சிலையைப் பலர் பார்க்க உடைத்தார்கள். மறுநாளுக்குள் அரசு புதுச் சிலை வைத்தது. சிலை உடைந்தால் உலகத்துக்குத் தெரிகிறது. "எறங்குங்கப்பா" என்ற ஒரு சொல்லுக்கு முதல் தகவல் அறிக்கை கிடையாது.

அப்படியானால் நம் பிள்ளைகள் கைத்தொழிலே கற்க வேண்டாமா? சில தோழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். குலக்கல்வி பட்ட காயம் அது. எனக்குப் புரிகிறது. ஆனால் 1942-இல் வைசிராயின் நிர்வாகக் குழு உறுப்பினராக இருந்த அம்பேத்கர் அரசுக்குக் கொடுத்த மனுவைப் பாருங்கள். அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வி படிக்க உதவித்தொகை கேட்டார், வெளிநாட்டுப் படிப்புக்கும் சேர்த்து. அதே மனுவில், அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் பிள்ளைகளைப் பயிற்சியாளர்களாக எடுக்கவும் கேட்டார். பட்டறையை அவர் கேவலமாக நினைக்கவில்லை. பட்டறையிலிருந்து மேலே போகிற படிக்கட்டையும் சேர்த்துக் கேட்டார்.

நாமும் இரண்டையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். தொழிற்கல்விப் பிரிவில் யாரைப் போடுகிறீர்கள், யார் முடிவு செய்கிறார்கள் என்று ஒவ்வொரு பள்ளியிலும் கேட்க வேண்டும். அந்தப் பிரிவில் படித்தாலும் பொறியியல் கலந்தாய்வில் தனி இடம் உண்டு, டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு உண்டு. இந்த மூன்றையும் அந்த ஆறு பேரில் ஒருவனுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். கணக்குப் போட்டவன் இன்று டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் இயந்திரவியல் படிக்கிறான். பட்டறை அவனுக்கு ஒரு வாசல், கடைசிச் சுவர் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்தே தொழிற்கல்வி என்று 2020 தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. எல்லாப் பிள்ளைக்கும் வெல்டிங் சொல்லிக்கொடுங்கள், ஆட்சியர் வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து. அப்போது நான் முதல் ஆளாக வந்து ராடு பிடித்துக் காட்டுகிறேன்.

என் பக்கத்துத் தவறு இரண்டு. ஒன்று, ஆறு பேருமே பையன்கள். பெண் பிள்ளைகளை அனுப்புவீர்களா என்று ஆசிரியரிடம் நான் கேட்கவே இல்லை. இந்த முறை கேட்டிருக்கிறேன், இரண்டு பேர் வருகிறார்கள். இரண்டாவது, அந்த மௌனம். அதை என்னால் திரும்ப வாங்க முடியாது. பாக்கிப் பணம் வந்தது, கம்பிக் கடைக்குக் கொடுத்தேன், அந்தப் பையனின் கேள்வி அப்படியே நிற்கிறது.

இப்போது பட்டறையில் ஒரு பலகை எழுதி மாட்டியிருக்கிறேன். விலைப்பட்டியல் தாளிலும் அதையே அச்சடித்திருக்கிறேன்: "வேலை முடிந்த வண்டியில் முதலில் ஏறுவது அதைச் செய்தவர்கள்." இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் வேலை கொடுக்காமல் போய்விட்டார்கள். மூன்று பேர் கொடுத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமைகளில் பட்டறை மாணவர்களுக்காகத் திறந்திருக்கிறது. எந்தத் தெரு என்று கேட்க மாட்டேன். கயிற்றை மட்டும் கழற்றிவிட்டு வாருங்கள். ஜெய்பீம்.